எண்ணிப் பார்த்த விரால் குஞ்சுகள்

1978-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18-ஆம் தேதி, சனிக்கிழமை, காலை ஏழு மணி ஐந்து நிமிடம். இரவெல்லாம் தூறிவிட்டு அப்போதுதான் விட்டிருந்தது. காற்று இல்லை. ரப்பர் மரங்களின் பக்கம் மூட்டமாக இருந்தது. வயல் பக்கம் வெளுத்துக்கொண்டு வந்தது. பாகான் செராய்க்கு வெளியே, என் மனைவி பிறந்த தோட்டம் முடிந்து நெல்வயல் தொடங்கும் இடத்தில் ஒரு வாய்க்கால் ஓடும். அதன் கரையில் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். வலது கையில் கட்டு, இடது கையில் தூண்டில். வயது முப்பத்தொன்று. அன்றைக்கு ஒரு விரால் பிடித்தேன். அதற்கு முன்னும் பிடித்ததில்லை, பின்னும் பிடித்ததில்லை.

எதற்காக அங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு நாளுக்கு முன்பு என் மனைவிக்குத் தைப்பிங் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் செய்து குழந்தையை எடுத்திருந்தார்கள். தலைச்சன். பெண் குழந்தை, ஆறு ராத்தல் மூன்று அவுன்ஸ். எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தாய்வீட்டில் இருக்கட்டும் என்று தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கே அழைத்து வந்தோம். தையலில் இடது கோடியில் ஓர் அங்குலம் மட்டும் காயவில்லை. தோட்டத்து டிரஸ்ஸர் தினமும் வந்து பஞ்சை மாற்றிவிட்டு, அடுத்த திங்கட்கிழமைக்குள் ஈரம் நிற்காவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்றார். குழந்தையைக் கூட வைத்துக்கொள்ள விடுவார்களா என்று மனைவி கேட்டாள். அவர் பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவள் அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் பக்கத்தில் தமிழரோ மலாய்க்காரரோ சீனரோ, உடம்பில் தையல் போட்ட ஆளுக்கு விரால் கொடுக்காத வீடு கிடையாது. ஹாருவான் என்று எல்லாரும் சொல்லும் அதே மீன்தான். அதன் சாறு உள்ளே போனால் சதை கூடும் என்பார்கள். பாசார் சந்தையில் சீனரிடம் உயிரோடு கிடைக்கும். நான் வாங்கிவரப் புறப்பட்டேன். மாமியார் தடுத்துவிட்டார்.

"அது வேணாம் மாப்ள. குட்டையில கோழிக் கழிவு போட்டு வளத்தது. காயத்துக்கு ஆவாது. நம்ம பாரிட்டுல கெடக்கிறதுதான் மருந்து."

பாரிட் என்றால் அந்த வாய்க்கால். அப்போது என் மனைவியின் அண்ணன், என் மச்சான், வாசலில் உட்கார்ந்து பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"மாப்ளைக்குத்தான் மீன் புடிக்கத் தெரியுமேம்மா. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சொன்னாரே."

சொன்னது உண்மைதான். பெண் பார்க்கப் போனபோது பேச்சு ஓடாமல் நின்ற நேரத்தில், சின்ன வயதில் ஈப்போவில், புந்தோங்கில் நிறைய மீன் பிடித்திருக்கிறேன் என்று சொல்லிவைத்தேன். நான் பிடித்தது சண்டை மீன். எங்கள் வீட்டுப் பின்னால் லோங்காங் என்கிற சாக்கடையில் நுரை எங்கே ஒதுங்கியிருக்கிறதோ அதற்குக் கீழே ஆண் மீன் நிற்கும். இரண்டு கையையும் கிண்ணம்போலக் கூட்டி அப்படியே மேலே தூக்கினால் வந்துவிடும். சுண்டு விரல் நீளம். ஊறுகாய்ப் போத்தலில் விட்டு, இரண்டு போத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேடிக்கை பார்ப்போம். மொத்தம் இருபத்தாறு பிடித்திருக்கிறேன். அந்த இருபத்தாறு என்ன மீன் என்பதை மட்டும் அன்றைக்குச் சொல்லவில்லை.

ஈப்போ அலுவலகத்தில் ஒரு வாரம் லீவு எடுத்திருந்தேன். திங்கட்கிழமை, மண்புழு கோத்த தூண்டிலோடு உட்கார்ந்தேன். பதினொரு பூயு கிடைத்தது. நான்கு விரல் அகலம் இருக்கும். கறுத்த, முரட்டு மீன். செவுள் ஓரத்தில் ரம்பம் போலப் பல். தூண்டிலிலிருந்து கழற்றக் கழற்ற என் விரல்கள் கிழிந்தன. போதாததற்கு அது தரையில் நடக்கும். நான் பன்னிரண்டாவதைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதலாவது வாளியிலிருந்து ஏறிக் குதித்து வாய்க்காலுக்கே நடந்து போய்விட்டது. மீதியை மாமியார் மஞ்சள் தடவிப் பொரித்தார். காயம்பட்டவளைத் தவிர எல்லாரும் சாப்பிட்டோம்.

செவ்வாய்க்கிழமை பூபு வைத்தேன். மூங்கில் சிம்பில் பின்னிய கூடு. உள்ளே போகிற மீன் திரும்ப வராதபடி வாயில் கூர்கள் உள்நோக்கி இருக்கும். பக்கத்து லயத்தில் இரவல் வாங்கியது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதைப் பார்த்து வாயை வைக்க வேண்டுமாம். நான் நிழலைப் பார்த்து வைத்துவிட்டேன். மறுநாள் தூக்கினால் இரண்டு சின்னச் செப்பாட் மீன், ஒரு தண்ணீர்ப் பாம்பு. நான் பயந்து கீழே போட்ட போட்டில் கூடு உடைந்துவிட்டது.

"பாம்புக்கு வீடு கட்டிக் குடுத்திருக்காரு, வாடகை வாங்காம!" என்று மச்சான் லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

புதன்கிழமை தாஜூர். கரையோரமாக மூங்கில் குச்சிகளைச் சாய்த்து ஊன்றி, குட்டை நரம்பில் முள் கட்டி, முள்ளில் சின்னத் தவளையை முதுகுத்தோலில் மாட்டி, அது தண்ணீர் மேலே கால் உதைக்கும்படி விட்டுவிட்டு வர வேண்டும். இருபது குச்சி ஊன்றினேன். வியாழக்கிழமை காலையில் பார்த்தால் பத்தொன்பது தவளை உயிரோடு என்னைப் பார்த்தன. இருபதாவது குச்சியையே காணோம்.

"இழுத்துட்டுப் போயிருக்கு லா! பெரிசு!" என்றார் மச்சான். "நான்தான் சொன்னேன்ல, ஆழமா குத்துங்கன்னு."

அவர் சொல்லவே இல்லை. ஆனால் அன்றைக்கு மத்தியானம் பால் வேலை முடிந்து அவரே என்னோடு வந்தார். வாய்க்காலில் இரண்டு பக்கமும் சேற்றால் அணை போட்டு நடுவிலிருக்கும் தண்ணீரை இறைத்துவிட்டால், சேற்றில் கிடக்கும் மீனைக் கையாலேயே அள்ளலாம். எண்ணெய் டின்னை இரண்டாக வெட்டி ஆளுக்கொன்றாக இறைத்தோம். நான் எழுநூற்று நாற்பது டின் வரை எண்ணினேன். முழங்கால் அளவு இறங்கிய தண்ணீரில் ஏதோ தடித்த முதுகு புரண்டது. விரால் என்று பாய்ந்தேன். அது கெளுத்தி. உள்ளங்கையில் முள்ளை ஏற்றிவிட்டது. நான் துள்ளி விழுந்த இடம் அணை. எழுநூற்று நாற்பது டின் தண்ணீரும் ஒரே மூச்சில் திரும்பி வந்தது.

கை வீங்கி, காய்ச்சல் வந்து, வெள்ளிக்கிழமை முழுக்கப் படுத்துவிட்டேன். ஓர் அறையில் மனைவி, மறு அறையில் நான். மாமியார் இரண்டு அறைக்கும் வெந்நீர் சுமந்தார்.

"அம்மா, மாப்ளைக்கும் சேத்தே பத்தியம் வைச்சிரு. ஒரே வீட்ல ரெண்டு புள்ளப் பெத்தவ!" என்றார் மச்சான்.

உள்ளேயிருந்து என் மனைவி சிரிப்பது கேட்டது. உடனே 'ஆ' என்றாள். சிரித்தால் தையல் இழுக்கும். அதற்கும் நான்தான் காரணம்.

மச்சான் கடைசியாக ஒரு வழி சொன்னார். தூபா வேரை நசுக்கிக் கரைத்து ஊற்றினால் அரை மணி நேரத்தில் எல்லா மீனும் மயங்கி மிதக்கும். மாமியார் கரண்டியை ஓங்கிவிட்டார். "பால் குடிக்கிற புள்ள இருக்கு. விஷம் போட்ட மீன் இந்த வாசப்படி ஏறக்கூடாது."

ஆகவே சனிக்கிழமை. மச்சான் விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய்விட்டார். நான் தனியாகக் கரைக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் ஈப்போவுக்குத் திரும்பியாக வேண்டும். திங்கட்கிழமை டிரஸ்ஸர் வருவார்.

தண்ணீரில், கரையிலிருந்து எட்டடி தள்ளி, சிவப்பாக ஏதோ கொதித்தது. உலையில் அரிசி கொதிப்பதுபோலச் சின்னச் சின்னக் குமிழ். உற்றுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஓர் அங்குலம், செங்கல் நிறம், ஒன்றாகத் திரண்டு மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு ஒன்றாகக் கீழே இறங்கின. விரால் குஞ்சு அந்த நிறமாக இருக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அப்படியானால் கீழே பெரியது நிற்க வேண்டும். பசியோடு நிற்காது, காவலுக்கு நிற்கும். காவல் நிற்கிறது எதையும் கடிக்குமே என்று எனக்குத் தோன்றியது. யாரும் சொல்லித்தராமல் நானாகவே கண்டுபிடித்தது.

முந்திய நாள் படுத்துவிட்டதால் கையில் புழுவும் தவளையும் இல்லை. கையிலிருந்த கட்டுத்துணியில், சிவப்பு மருந்து பட்டிருந்த நுனியைக் கிழித்து முள்ளில் கட்டினேன். குஞ்சுகளின் நடுவில் போட்டு மெதுவாக இழுத்தேன். தண்ணீர் உடைந்தது. பெரியது வந்து முட்டிவிட்டுப் போனது. மறுபடி போட்டேன், முட்டியது. மூன்றாவது முறை குஞ்சுகளுக்கும் முள்ளுக்கும் நடுவில் வந்து நின்றதைக் கண்ணால் பார்த்தேன். நான்காவது முறை கடித்தது.

தொடை வரைக்கும் சேறாகி அதைக் கரையேற்றினேன். எடை ஒரு காத்திக்கு மேலேயே இருக்கும். குஞ்சுகள் அதே இடத்தில் வட்டம் போட்டன. ஓர் உள்ளங்கை அகலத்தில் எத்தனை என்று எண்ணி, அப்படி எத்தனை உள்ளங்கை என்று பார்த்து, பெருக்கிக்கொண்டேன். எதையும் எண்ணிவிட்டு நகர்வதுதான் என் பழக்கம்.

மாமியார் மீனைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "கொண்டாந்துட்டீங்களே மாப்ள! நான் என்னமோ நெனச்சேன், நீங்க கெட்டி!" மிளகும் பூண்டும் இஞ்சியும் தட்டிப் போட்டு, புளியில்லாமல் மிளகாயில்லாமல் சாறு வைத்தார். மனைவி முதல் கிண்ணத்தை மிச்சமில்லாமல் குடித்தாள். ஆறு நாளில் அவள் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டது அன்றைக்குத்தான். மாமியார் இரண்டாவது கிண்ணம் ஊற்றிக்கொண்டிருந்தபோது, ரப்பர் பால் வாடையோடு மச்சான் வந்து நின்றார்.

"மெய்யாவா? எப்படி லா மாப்ளே? தவக்களையா, புழுவா?"

"ரெண்டும் இல்ல மச்சான். வெறும் முள்ளு. துணியைக் கிழிச்சுக் கட்டினேன்."

"துணியையா கடிச்சுது? பைத்தியம் புடிச்ச மீனா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு வாரக் கேலிக்குப் பதில் சொல்லும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். "அது அப்படியில்ல. குஞ்சு மேல இழுத்தேன். செவப்புக் குஞ்சு, ஒரு பந்து மாதிரி. அது குஞ்சைக் காப்பாத்த வந்து வந்து முட்டும். நாலாவது தடவ மாட்டிக்கிச்சு. பசி எடுக்கிற வரைக்கும் காத்திருக்கவே வேண்டியதில்ல."

மச்சான் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் தன் தங்கையைப் பார்த்தார். மாமியாரின் கரண்டி கிண்ணத்துக்கு மேலேயே நின்றுவிட்டது.

"குஞ்சோட இருந்ததையா மாப்ள?"

"ஆமா அத்த."

"புள்ளப் பெத்தவளுக்கு அதைக் குடுக்க மாட்டாங்களே." அவர் என்னைத் திட்டவில்லை. "சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே இங்க. உங்ககிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணாமப் போச்சே."

மனைவி கிண்ணத்தைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"குஞ்சு எத்தன இருந்துச்சுங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். "முந்நூத்தி இருவது இருக்கும்" என்றேன்.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டாள். "இனி எனக்கு விரால் வேணாம்மா. எங்க புடிச்சதும் வேணாம்." அழவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. சேறு காய்ந்த காலை எங்கே மறைப்பது என்று தெரியாமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி வாய்க்காலில் நின்றேன். சிவப்புப் பந்து இல்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சமாகச் சிதறியிருந்தது. கோரைக்குள்ளிருந்து பூயுகள் வந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போயின. நான் திங்கட்கிழமை பொரித்துத் தின்ற அதே மீன். மாவுச் சல்லடையால் அள்ளிப் பார்த்தேன். தண்ணீர்தான் வந்தது. பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால், தங்கோக் என்கிற மூங்கில் அரிகூடையோடு மச்சான் இறங்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க அந்தப் பக்கம் இருந்து வெரட்டுங்க. மெல்ல. தண்ணியைக் கலக்காதீங்க."

கேலி செய்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஐந்து மணிக்கு ரொட்டி டின்னோடு திரும்பினோம். மனைவி படுத்தபடியே எட்டிப் பார்த்தாள்.

"எத்தன?"

"அறுவத்தி நாலு."

ஞாயிற்றுக்கிழமை அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஈப்போவுக்கு பஸ் ஏறினேன். அடுத்த சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனபோதுதான், திங்கட்கிழமையே காயம் உலர்ந்துவிட்டது என்று சொன்னார்கள். அந்த ஒரு கிண்ணம்தான் என்றார் மாமியார். தான் தூவிய பவுடர் என்றார் டிரஸ்ஸர். மனைவி இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குச் சந்தோஷப்படத்தான் ஆசை. ஆனால் அந்தக் கிண்ணத்தால்தான் என்று சொல்லவும் வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் வரவில்லை.

புந்தோங் வீட்டில் குளியலறை சிமெண்டுத் தொட்டிதான் அவற்றுக்கு இடம். விரால் குதிக்கும் என்பதால் மேலே கம்பி வலை அடித்தேன். அலங்கார மீன் கடையில் சிவப்புப் புழு வாங்கப் போனபோது கடைக்காரச் சீனர் எந்த மீனுக்கு என்று கேட்டார். சொன்னேன். "ஹாருவான்? சாப்பிடுற மீனுக்கா சாப்பாடு வாங்குற?" என்று கடைக்குள் இருந்தவர்களையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார்.

நாற்பது நாள் கழித்து மனைவியும் குழந்தையும் வீட்டுக்கு வந்தார்கள். அதற்குள் இருபத்திரண்டு ஆகியிருந்தது. சில தாமாகச் செத்தன. மற்றதை அவையே தின்றன. கொஞ்சம் வளர்ந்தது கொஞ்சம் வளராததைத் தின்னும். வயிறு நிறையப் புழு போட்டாலும் தின்னும். அவள் தொட்டிப் பக்கம் போகவே மாட்டாள். வாளித் தண்ணீரில் குளித்துக்கொண்டாள். ஆனால் தினமும் சாயந்தரம், குழந்தையைத் துடைத்துப் பவுடர் போட்டுக்கொண்டே கேட்பாள்:

"இன்னிக்கு எத்தனங்க?"

நான் போய் எண்ணிவிட்டு வந்து சொல்வேன். பதினேழு. பதினாலு. ஒன்பது. அதில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சாதாரணமாகத்தான் கேட்பாள், பால்காரன் வந்தானா என்று கேட்கிற மாதிரி. நான் ஒரு நாள்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. சில நாள் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது வேண்டுமென்றே ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம் மூன்று மிச்சம். ஒரு சாண் நீளம். மூன்றும் ஒன்றையொன்று விழுங்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டன. இனி விட்டுவிடலாம் என்று மனைவிதான் சொன்னாள். மூடிய வாளியோடு தோட்டத்துக்குப் புறப்பட்டோம். பாகான் செராய் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் வாளியைத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஹாருவானா? எங்க மகளுக்கு ஆப்பரேஷன் ஆகிப் பத்து நாளு. ஒண்ணு குடுங்களேன், காசு தரேன்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"இது தொட்டியில வளத்ததுங்க" என்றேன்.

"ஐயே, வளத்ததா? அப்ப வேணாம் லா, அது காயத்துக்கு ஆவாது."

விட்டுவிட்டாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கும் சேர்த்து வெட்கப்பட்டுக்கொண்டே மீதி தூரம் போனேன்.

அதே வாய்க்கால், அதே இடம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கரையில் நின்றாள். நான் வாளியைச் சாய்த்தேன். இரண்டு உடனே போய்விட்டன. ஒன்று கரையோரச் சேற்றில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது. அன்று அவள் என்னிடம் கேட்கவில்லை. "மூணு" என்று தானாகவே சொல்லிவிட்டு, குழந்தைக்குத் தொப்பியைச் சரி செய்தாள். பிறகு அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் நின்றுபோனது. 1981-இல் இரண்டாவது பிள்ளைக்கும் ஆப்பரேஷன்தான். விரால் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. காயம் ஆற இருபத்தேழு நாள் பிடித்தது.

அந்த மார்ச் மாதம் பாசாரில் ஒரு காத்தி விரால் மூன்று வெள்ளிக்குள் கிடைத்தது. எனக்கு, முள்ளும் நரம்பும் மூன்று வெள்ளி பதினைந்து காசு, உடைத்த பூபுவுக்கு ஐந்து வெள்ளி, இரண்டு வாளிக்கு ஏழு வெள்ளி, கம்பி வலை ஆறு வெள்ளி எண்பது காசு, தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டார் பதினெட்டு வெள்ளி, புழு முப்பத்தொரு வாரத்துக்கு நாற்பத்தாறு வெள்ளி ஐம்பது காசு. பஸ் காசைச் சேர்க்காமல், ஆக மொத்தம் எண்பத்தாறு வெள்ளி நாற்பத்தைந்து காசு.